துவக்கு லிசோன்ஸும் லாச்சப்பல் கதைகளும்

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் பிரெஞ்சுச் சட்டத்தில் பாதியைக் கேட்டுவிடலாம். வதிவிடக் கார்ட் எப்போது வரும், வரிப் படிவத்தில் எதைக் காட்டலாம் என்ற கதைகளோடு இப்போது துவக்குக் கதையும் சேர்ந்திருக்கிறது. 2024 ஒலிம்பிக்கில் துருக்கிக்காரர் யூசுப் டிகெச் ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி சுட்டு வெள்ளி வென்றாரே, அந்தப் படம் நம்மவர் கைபேசிகளிலும் சுற்றியது. “நாங்களும் பழகலாமோ?” என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அதற்குக் கிடைக்கும் பதில்களில்தான் கோளாறு.

“அண்ணை, லிசோன்ஸை எடுத்து ஒரு பிஸ்டலை வாங்கிக் கடையில வைச்சா நல்லதுதானே?”

இதுதான் அதிகம் கேட்கும் கேள்வி. கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. நகைக்கடை வைத்திருப்பவருக்கும், இரவு பத்து மணிக்குக் கல்லாப்பெட்டியைப் பூட்டிக்கொண்டு ஆர்.இ.ஆர். டி ரயில் பிடித்துப் புறநகர் வில்லியே லே பெல்லுக்குத் திரும்புபவருக்கும் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து இங்கே கிடைக்காது.

முதலில் லிசோன்ஸ். பிள்ளை உதைபந்தாட்டக் கழகத்தில் சேரும்போது தருகிற அதே வகை அட்டைதான் இதுவும். பிரெஞ்சு சுடுதல் சம்மேளனம் உங்கள் கழகத்தின் வழியாகத் தருகிறது. காப்புறுதி உண்டு, போட்டிக்குப் போகலாம். செப்டெம்பர் முதலாம் திகதி தொடங்கி ஒரு பருவகாலத்துக்குச் செல்லும். துவக்கு வைத்திருக்கும் அனுமதி அதில் இல்லை.

2013 செப்டெம்பர் முதல் பிரான்சில் ஆயுதங்கள் ஏ, பி, சி, டி என நான்கு வகை. ஏ என்பது போர்க்கருவி, தடை. பிஸ்டல், ரிவோல்வர் எல்லாம் பி. இருபத்திரண்டு கலிபர் சின்னப் பிஸ்டலும் பி தான். ஒவ்வொரு வெடிக்கும் கையால் ஏற்ற வேண்டிய ரைபிள்களும் பெரும்பாலான வேட்டைத் துவக்குகளும் சி. அவற்றைப் பதிய வேண்டும். டி வகையைப் பிறகு பார்ப்போம்.

பி வகை ஒன்று சொந்தமாக வேண்டுமென்றால், வழி நீளம். கழகத்தில் பாதுகாப்புப் பாடம், அதன்மேல் எழுத்துப் பரீட்சை, தேறினால் ‘கார்னே து தீர்’ என்ற சுடுதல் பதிவேடு. பொறுப்பாளர் பார்த்திருக்கச் சுட்டதை அவர் அதில் பதிவார். வைத்தியரின் சான்று வேண்டும். சம்மேளனம் சம்மதக் கருத்துத் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் கோப்பு பிரெபெக்சூர் என்ற அரச அலுவலகத்துக்குப் போகும். வில்லியே லே பெல் வாசிகளுக்குக் கார்ட் விடயத்தில் சார்செலும் செர்ஜியும் பழகிய ஊர்கள். இந்தக் கோப்பு மட்டும் இப்போது இணையத்தில், எஸ்.இ.ஆ என்ற ஆயுதப் பதிவுத் தளத்தின் ஊடாகத்தான் போகிறது. அனுமதி கிடைத்தாலும் ஐந்து ஆண்டுக்குத்தான். பூட்டும் இரும்புப் பெட்டி வீட்டில் கட்டாயம்.

இவ்வளவும் தாண்டியவருக்குக் கிடைப்பது விளையாட்டுக்கான அனுமதி. துவக்கு பெட்டியில் இருக்கும், கழகத்துக்குப் போகும், திரும்பிப் பெட்டிக்கு வரும். வழியிலும் குண்டு ஏற்றியிருக்கக் கூடாது; விசைப் பூட்டுப் போட்டோ, ஒரு பாகத்தைக் கழற்றியோ, உடனே சுட முடியாத நிலையில்தான் கொண்டுபோக வேண்டும். கடைக் கல்லாவுக்குக் கீழே அதற்கு இடமில்லை. கழகத்துக்கு முதல்நாள் வந்து “பாதுகாப்புக்காகத்தான்” என்று சொல்பவரை அந்தக் கழகம் சேர்க்காமல் விட்டால் எனக்கு ஆச்சரியமில்லை. சேர்க்கக் கூடாது என்பதுதான் என் கட்சியும்.

அப்படியென்றால் கைப்பையில் மிளகு ஸ்ப்ரே? இதை நம் பெண்கள் பலர் வைத்திருக்கிறார்கள், பாவம், சட்டபூர்வம் என்று நம்பி. 100 மில்லிலீற்றர் வரையான ஸ்ப்ரே டி வகை. பதினெட்டு வயதானவர் வாங்கலாம், வீட்டில் வைத்திருக்கலாம். தகுந்த காரணம் இல்லாமல் வெளியே கொண்டு திரிவது குற்றம். சட்டம் சொல்லும் உச்சத் தண்டனை ஓராண்டுச் சிறையும் 15,000 யூரோவும். சமையல் கத்தியைக் காரில் போட்டுவிட்டுத் திரிபவருக்கும் இந்த விதி தெரிந்திருப்பது நல்லது.

“காத்துத் துவக்குத்தானே, அது விளையாட்டுச் சாமான்.”

இல்லை. இரண்டு யூலுக்கு மேல், இருபது யூலுக்குக் கீழ் சக்தியுள்ள காற்றுத் துவக்கு டி வகை ஆயுதம். இருபதைத் தொட்டால் சி. பெரியவர் ஒருவர் லிசோன்ஸ் இல்லாமலே டி வகையை வாங்கலாம் என்பது உண்மை. அதை மாடி பல்கணியில் நின்று புறாவுக்குப் பிடிப்பது வேறு விடயம். மிருகவதைச் சட்டமும் அங்கே வரும், பக்கத்து வீட்டுக்காரரின் தொலைபேசி அழைப்பும் வரும். 2007 நவம்பர் கலவரத்தில் பொலிஸார்மீது வேட்டைத் துவக்கால் சுடப்பட்ட ஊர் வில்லியே லே பெல். அந்த ஊர்த் தெருவில் பிளாஸ்டிக் துவக்கைக்கூடப் பையனின் கையில் கொடுத்து அனுப்ப நான் துணியமாட்டேன்.

“எங்களுக்கென்ன பழக்கிறது? நாங்கள் ஊரில பார்க்காத துவக்கோ?”

இப்படிச் சொல்பவரோடு வாதாடுவது கடினம். பார்த்தவர்தான். சோதனைச்சாவடியில் நெஞ்சுக்கு நேரே நீண்டதைப் பார்த்தவர், சிலர் தூக்கியவர். ஆனால் காற்றுத் துவக்குப் பழகும் பத்து மீற்றர் மண்டபத்தில் அந்த அனுபவம் உதவாது, பல நேரம் இடைஞ்சல்.

அங்கே முதல் மணித்தியாலத்தில் நடப்பது இவ்வளவுதான். துவக்கின் குழாய்க்குள் முழு நீளத்துக்கும் ஒரு நிற நூல் செருகியிருக்கும். உள்ளே குண்டில்லை என்பதைத் தூரத்தில் நிற்பவரும் காண்பதற்காக. வாய் எப்போதும் இலக்குப் பக்கம். விரல் விசைக்கு வெளியே. “ஸ்டொப்” என்ற குரல் கேட்டதும் கீழே வைத்துவிட்டு நிற்க வேண்டும், யாராக இருந்தாலும். பிறகு மூச்சு. பாதி விட்டுப் பிடித்து, முன்குறியைத் தெளிவாகப் பார்க்கச் சொல்வார்கள். இலக்கு மங்கலாகத் தெரிய வேண்டும். புதியவர் எல்லோரும் இதற்கு நேர்மாறாகத்தான் செய்கிறார்கள், இலக்கை உற்றுப் பார்ப்பார்கள், குண்டு எங்கோ போகும். சில விநாடிக்குள் வெடி போகாவிட்டால் சுடாமல் கையை இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்க வேண்டும். இந்த இறக்குதலைப் பழகத்தான் மாதங்கள் ஆகின்றன. ரைபிள் இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி அரை மில்லிமீற்றர். குண்டு நாலரை மில்லிமீற்றர். போட்டியில் 75 நிமிடத்தில் அறுபது தடவை அதைத் தேட வேண்டும். முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், குண்டு ஈயம்.

போரைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் சொல்லலாம். வெடிச்சத்தம் ஒத்துக்கொள்ளாதவர் வெடித் துவக்குச் சுடும் 25 மீற்றர் பக்கம் போகவே தேவையில்லை. காற்றுத் துவக்கின் சத்தம் ‘டப்’ என்று அடங்கிவிடும். அதுவும் மனதைக் குழப்புகிறதா, விட்டுவிடலாம், யாரும் கட்டாயப்படுத்துவதில்லை.

“தமிழ்ப் பேரைப் பார்த்தாலே தரமாட்டாங்கள்.”

பெயரைவிடக் கோப்பைத்தான் பார்க்கிறார்கள். வன்முறை, மிரட்டல், போதைப்பொருள் கடத்தல் போன்றவற்றுக்குத் தண்டனை பெற்றிருந்தால் ஆயுதம் எடுக்கவும் வைத்திருக்கவும் தடை வரும். சம்மதமில்லாமல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தாலும் தடை. இப்படித் தடையுள்ளவர்களின் தேசியப் பதிவேடு ஒன்று, ‘பினியாதா’, இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன் ஒரு திருமண மண்டப வாசலில் நடந்த கைகலப்பு வழக்காகித் தண்டனையில் முடிந்ததா என்பதை விண்ணப்பிப்பதற்கு முன் நினைத்துப் பார்ப்பது நல்லது. மனைவிமேல் கைவைத்து நீதிமன்றம் போனவருக்குத் துவக்குக் கொடுக்க மறுப்பதை நான் இனவாதம் என்று சொல்ல மாட்டேன்.

சிறு குறிப்பு ஒன்று. பழைய வீடு வாங்கிய நம்மவர் சிலர் நிலவறையிலோ பரணிலோ முந்தைய பிரெஞ்சுக்காரரின் வேட்டைத் துவக்கைக் கண்டெடுப்பதுண்டு. அதைத் துணியில் சுற்றிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு நடந்துவிடாதீர்கள். முதலில் தொலைபேசியில் சொல்லுங்கள், என்ன செய்வதென்று அவர்கள் சொல்வார்கள். 2022 நவம்பர் 25 முதல் டிசம்பர் 2 வரை நாடு முழுவதும் அரசு கேள்வி கேட்காமல் பெற்றுக்கொண்டபோது சுமார் ஒன்றரை லட்சம் துவக்குகள் வந்து சேர்ந்தன. பரண்கள் அவ்வளவு நிறைந்திருந்தன!

“இது ராசா வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு.”

பாதி சரி. பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக டிராப் சுட்ட பிரித்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்தவரேதான். பறக்கும் தட்டைச் சுடும் டிராப்பும் செலவு வைக்கிற பிரிவு. ஆனால் அதே ஒலிம்பிக்கில் பத்து மீற்றர் காற்று ரைபிளில் நின்ற இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர், அரண்மனை ஏதுமில்லை. பத்தாவதாக வந்து, எட்டுப் பேருக்கே இடமுள்ள இறுதிச் சுற்றை மயிரிழையில் தவறவிட்டார். போர்த் து லாச்சப்பல் அரங்கில் பட்மின்ரன் பார்த்து வந்த நம்மவர் பலருக்கு, ஒரு தமிழ்ப்பெண் அதே நாட்களில் சுமார் 270 கிலோமீற்றர் தெற்கே ஷாத்தோருவில் சுட்டது தெரியவே இல்லை.

தொடங்குகிறவருக்கு அவ்வளவு செலவும் இல்லை. கழகத்தின் துவக்கையே இரவல் தருவார்கள்; நாலரை மில்லிமீற்றர் குண்டு ஐந்நூறு கொண்ட டப்பாக்களில் விற்கிறது. இரும்புப் பெட்டி, பதிவேடு, பிரெபெக்சூர் எதுவும் வேண்டாம். காற்றுத் துவக்கோடு மட்டுமே நின்று ஆயுள் முழுக்கச் சுடலாம். சிறுவர்களுக்குக் கழகங்களில் ‘எக்கோல் து தீர்’ என்ற பயிற்சிப் பள்ளி உண்டு, ஆரம்பப் பாடசாலை வயதிலேயே சேர்க்கிறார்கள், பெற்றோர் கையொப்பத்தோடு. கணக்கு வகுப்பில் ஓரிடத்தில் இருக்க முடியாத பிள்ளை அங்கே ஒரு மணித்தியாலம் அசையாமல் நிற்பதைப் பார்த்தால் உங்களுக்கே நம்பிக்கை வராது.

பல கழகங்களில் காத்திருப்போர் பட்டியல் உண்டு. அதனால் செப்டெம்பர் தொடக்கத்தில் மேரி என்ற நகரசபை நடத்தும் சங்கங்களின் கண்காட்சி நாளில், கராத்தே மேசைக்கும் நடன மேசைக்கும் போகிற வழியில் கேட்டுவையுங்கள். உங்கள் ஊரில் கழகம் இல்லையென்றால் பக்கத்து ஊரைக் கேளுங்கள். கேட்க வேண்டியவை மூன்று: அறிமுக நாள் எப்போது, பத்து மீற்றர் மண்டபம் எந்த நேரம் திறந்திருக்கும், துவக்கு இரவல் தருவார்களா. துவக்கு எங்கே வாங்கலாம் என்று மட்டும் முதல்நாள் கேட்காதீர்கள்.