ஸ்டென்ட் வைத்த பிறகு நடக்கலாமா?

மருத்துவ உதவி பெற்றவர்களை வீடு தேடிப் போய் நலம் விசாரிப்பது நம் அறக்கட்டளையின் வழக்கம். போன மாதம் அப்படிப் பார்த்த ஒரு சகோதரர், ஸ்டென்ட் வைத்து நாலு மாதமாகியும் வாசற்படி தாண்டவில்லை. "அத்தாவை நடக்கவிட எங்களுக்குப் பயமாயிருக்கு" என்றார் மகள். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் இரத்தக் குழாய்க்கு அந்தப் பாசம் நல்லதல்ல.

குழாயின் உட்புறத்தில் எண்டோதீலியம் என்றொரு மெல்லிய படலம் இருக்கிறது. ஒரே அடுக்கு செல்கள்தான். நடக்கும்போது இரத்தம் வேகமாக ஓடி அதை உரச, அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. குழாய் தளர்ந்து விரிகிறது. (இவ்வாயுவின் வேலையைக் கண்டறிந்ததற்கே 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு. நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரையும் இதே வழியில்தான் வேலை செய்கிறது.) இருதய நோயில் படலத்தின் இந்தத் திறன் குன்றிவிடுகிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஹாம்பிரெக்ட் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கே வாரப் பயிற்சியில் அது ஓரளவு மீண்டது.

அக்குழுவின் 2004 ஆய்வு இன்னும் வியப்பானது. நோய் நிதானமாக இருந்த 101 ஆண்களில் ஒரு பிரிவுக்கு ஸ்டென்ட். மற்றவர்களுக்குத் தினம் 20 நிமிடம் நிலை சைக்கிள். ஓராண்டில் சிக்கலின்றி இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 88 சதவீதம், ஸ்டென்ட் பிரிவில் 70. இதைப் படித்துவிட்டு ஸ்டென்டே வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். மாரடைப்பு வந்தவர்களின் கணக்கு வேறு. அங்கே ஸ்டென்ட் உயிர் காக்கிறது. மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.

எப்படித் தொடங்குவது? முதலில் மருத்துவரின் அனுமதி. பிறகு சமதரையில் ஐந்து நிமிடம், சில நாளுக்கொரு முறை கொஞ்சம் கூட்டலாம். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். பேச்சு திணறினால் வேகம் அதிகம். சாப்பிட்ட உடனேயும் உச்சி வெயிலிலும் வேண்டாம். பைபாஸ் செய்தவர்கள் நெஞ்செலும்பு கூடும்வரை கனம் தூக்கலாகாது. நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வந்தால் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும், விடாவிட்டால் 108.

அந்தச் சகோதரருக்கு மருத்துவர் அனுமதி தந்துவிட்டார். முதல் நாள் தெருமுனை வரை போய்த் திரும்பியிருக்கிறார், மகள் கையைப் பிடித்துக்கொண்டு.