நாலு மணி அலாரம்

பிளஸ் டூ பிள்ளை இருக்கும் வீட்டை ஜூன் மாதமே கண்டுபிடித்துவிடலாம். கேபிள் இணைப்பு போயிருக்கும். கல்யாணம் காட்சிக்கு அப்பா மட்டும் தலையைக் காட்டிவிட்டு வருவார். ஷட்டில் பேட் பரண் ஏறியிருக்கும். எல்லாம் அக்கறைதான். ஆனால் இந்த அக்கறைக்குப் பின்னால் இருக்கும் சில நம்பிக்கைகள் பரீட்சைக்கே குழி பறிக்கின்றன.

நம்பிக்கை: விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படித்தால் மனசில் பதியும்.

ராத்திரி எட்டு மணிக்கே படுத்தவருக்குப் பதியும். நம் பிள்ளைகள் டியூஷன் முடிந்து ஒன்பதரைக்கு வீடு வந்து, சாப்பிட்டு, ரெக்கார்டு நோட்டு எழுதி முடிக்கவே பன்னிரண்டாகிறது. சீக்கிரம் படுக்கச் சொன்னாலும் கண் சொருகாது. பதின்வயதில் தூக்கத்தை அழைத்துவரும் மெலடோனின் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்கும். அது சோம்பேறித்தனம் இல்லை. 13 முதல் 18 வயது வரை தினம் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் பரிந்துரைத்தது. நாலு மணி அலாரத்தோடு கணக்குப் போட்டால் அதில் பாதிதான் தேறும். பகலில் படித்ததை மூளை கெட்டிப்படுத்துவதில் தூக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதைத்தான் வெட்டுகிறோம்.

சொல்கிறேனே தவிர, நானும் மகளை நாலு மணிக்குக் காபி போட்டு எழுப்பியதுண்டு. விளக்கு எரியும், புத்தகம் விரிந்திருக்கும். ஆறு மணிக்கு எட்டிப் பார்த்தால் கன்னத்தில் ஸ்பைரல் நோட்டின் கம்பித் தடம்.

நம்பிக்கை: பத்துத் தடவை வாசித்தால் மறக்காது.

ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனை ஒன்று. கல்லூரி மாணவர்கள் சிறு பாடப்பகுதிகளைப் படித்தார்கள். சிலவற்றை மறுபடி வாசித்தார்கள். சிலவற்றைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்ததுதான் ஜெயித்தது: 81 சதவீதம், எழுதியது 75. ஒரு வாரம் கழித்துத் தலைகீழ்: வாசித்தது 42, எழுதியது 56.

"வீட்டில் கடகடன்னு ஒப்பிச்சானே, ஹாலுக்குப் போனதும் எப்படி மறந்தது?" என்ற புலம்பலுக்கு இதில் பாதி விடை இருக்கிறது. வாசிக்க வாசிக்க வரிகள் பழகிப்போகின்றன. பழகியதைத் தெரிந்ததாக எடுத்துக்கொள்கிறோம். புக் பேக் ஐந்து மார்க் கேள்வி ஒன்றை எடுத்து, புத்தகத்தை மூடி, ரஃப் நோட்டில் எழுதிவிட்டு, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்த்துப் பார்க்கட்டும். முதல் நாள் பக்கமே சிவந்துபோகும். பரவாயில்லை, மார்ச்சில் சிவப்பதற்குப் பதில் ஆகஸ்டில் சிவக்கலாம்.

நம்பிக்கை: பி.டி. பீரியடைக் கணக்கு சார் வாங்கிக்கொள்வது நல்லதுதான்.

5 முதல் 17 வயதினருக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிளஸ் டூவுக்கு அதில் விதிவிலக்கு கிடையாது.

நம்பிக்கை: முதல் ரேங்க் எடுப்பவர்தான் பள்ளி மாணவர் தலைவர் (எஸ்.பி.எல்.); மற்றவர்கள் படிக்கிற வழியைப் பார்க்கட்டும்.

நான் பாடம் எடுத்த பள்ளியில் ஓர் ஆண்டுவிழாவன்று பொறுப்பாசிரியருக்குக் காய்ச்சல். சாப்பாட்டு டோக்கன் கட்டு, நாங்கள் எதற்கும் கூப்பிடாத கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் கைக்குப் போனது. பொட்டலம் பதினெட்டு குறைந்துவிட்டது. அவன் யாரிடமும் கத்தவில்லை. சின்ன வகுப்புகளை முதலில் அனுப்பிவிட்டு, தன் வகுப்பாரைப் பார்த்து "நாம ரெண்டு பேருக்கு ஒண்ணுடா" என்றான். எஸ்.பி.எல். பேட்ஜ் அப்போது மேடையோரம் விருந்தினருக்குப் பொன்னாடை பிடித்துக்கொண்டிருந்தது.

பொறுப்பு கொடுத்தால் படிப்பு கெடும் என்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் அதே நாலு பிள்ளைகளையே விழாவுக்கு நாற்காலி தூக்கச் சொன்னால் கெடத்தான் செய்யும். நாற்பது பேர் வகுப்பில் நாற்பது சின்ன வேலைகள் இருக்கின்றன.

நம்பிக்கை: ஃபெயிலானால் ஒரு வருஷம் போச்சு.

போகாது. ரிசல்ட் வந்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு வருகிறது. தேறியவர்கள் அதே ஆண்டு கல்லூரியில் சேர்கிறார்கள். ரேங்க் தவறியதற்கும் அழ வேண்டாம்: மாநில ரேங்க் அறிவிப்பையே தமிழக அரசு 2017-இல் நிறுத்திவிட்டது. தெருமுனை ஃப்ளெக்ஸ்களுக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

நம்பிக்கை: "சாகணும்னு தோணுதா?" என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும்.

கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்கிறது. பெரும்பாலும் மனசில் இருப்பதைச் சொல்ல ஒரு வழி கிடைக்கிறது. தூக்கமும் சாப்பாடும் மாறி, பிரியமான பொருளையெல்லாம் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கிய பிள்ளையிடம் நேராகவே கேளுங்கள். முகத்துக்கு நேரே வராத வார்த்தை, டியூஷனிலிருந்து கூட்டிவரும்போது வண்டியின் பின்சீட்டிலிருந்து வரும். வந்தால் அறிவுரையை அடக்கிக்கொண்டு வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். அன்றிரவு பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எந்த நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். டைம் டேபிள் ஒட்டிய பீரோக் கதவில் அந்த எண்ணுக்கும் இடமிருக்கும்.