பண்டிகைப் பலகாரமும் உடலுழைப்பும்

புனே மாவட்டம் முள்ஷி வட்டத்தைச் சேர்ந்த ஹிஞ்சேவாடி ஒரு காலத்தில் வயல்கள் சூழ்ந்த சிற்றூர். 1990களின் இறுதியிலிருந்து மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா அங்கு வளர்ந்ததால், இன்று நாற்காலியில் அமர்ந்து உழைப்போர் பெருந்திரளாகக் கூடும் இடமாக அது விளங்குகிறது. அவர்களுள் தமிழரும் உளர். தீபாவளி வரும்போது ஊர் முழுவதும் ‘ஃபராள்’ எனப்படும் பலகாரத் தட்டு கை மாறுகிறது. பேசன் லாடு, முறுக்கை ஒத்த சக்ளி, சோமாசியை ஒத்த கரஞ்சி, சங்கர்பாளி, அவல் சிவ்டா ஆகியவை அதில் இடம்பெறும். வயலில் உழைத்தவருக்கு ஏற்பட்ட இத்தட்டு, அமர்ந்திருப்பவருக்கு எவ்வாறு பொருந்தும் என்பதே ஈண்டு ஆராய வேண்டுவது.

முதலில் கணக்கைக் காண்போம். 15 கிராம் கடலை மாவு, 10 கிராம் நெய், 15 கிராம் சர்க்கரை கொண்டு பிடித்த ஒரு லாடு ஏறத்தாழ 200 கலோரி தரும். இதில் நெய்யின் பங்கு மட்டுமே 90 கலோரி. 60 கிலோ எடையுள்ள ஒருவர் அரைமணி நேரம் விரைந்து நடந்தால் சுமார் 105 கலோரி செலவாகிறது. சும்மா அமர்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் 30 கலோரியைக் கழித்தால் மிகுதியான செலவு 75 கலோரியே. ஆகவே ஒரு லாடுவை ஈடுசெய்ய ஒன்றேகால் மணி நேரத்திற்கு மேல் நடக்கவேண்டும். ‘இன்று உண்போம், நாளை நடந்து தீர்ப்போம்’ என்னும் கணக்கு பெரும்பாலும் நேராவதில்லை. அளவு தட்டிலேயே அமையவேண்டும்.

பண்டிகையில் கூடும் எடை பெரிதன்று. ஆனால் அது எளிதில் குறைவதில்லை. அமெரிக்காவில் 195 பேரைத் தொடர்ந்து எடையிட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், ஆண்டிறுதி விடுமுறைக் காலத்தில் சராசரியாக 0.37 கிலோ எடையே கூடியது. மக்கள் தாமே மதிப்பிட்டது இதனினும் மிகுதி. எனினும் பண்டிகைக்குப் பிந்திய மாதங்களில் கூடிய எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. ஆண்டுதோறும் இவ்வாறு சேர்வதே நடுவயதின் பருமனாக முடிகிறது.

புனேயில் இச்செய்திக்குத் தனிச்சிறப்பு உண்டு. அந்நகரத்துக் கே. இ. எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்ஞிக் குழுவினர், 1993இல் புனேயை அடுத்த ஆறு கிராமங்களில் தாய்மாரின் ஊட்டநிலை பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினர். அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் குழந்தைகளுடையது 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை குறைவாயிருந்தும், தோலடிக் கொழுப்பு அந்த அளவிற்குக் குறையவில்லை. 2004இல் யாஜ்ஞிக்கும் ஆங்கிலேய மருத்துவர் ஜான் யட்கினும் தம்மையே சான்றாக வைத்து ஒரு படம் வெளியிட்டனர். இருவரது உடல் நிறைக் குறியீடும் 22.3. ஆயின் உடற்கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்ஞிக்குக்கு 21.2 சதவீதம். ‘நான் ஒல்லி, எனக்குக் கவலையில்லை’ என்று தட்டை மீண்டும் நிரப்பிக்கொள்பவருக்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை.

அவ்வாறாயின் நடப்பதனால் என்ன பயன்? அதன் பெரும்பயன் கலோரிக் கணக்கில் இல்லை. சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் தூண்டுதலின்றியும் இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளிழுத்துக் கொள்ளவல்லது. அறுபது வயது கடந்த பத்துப் பேரைக் கொண்டு செய்து 2013இல் வெளியான ஒரு சிறு சோதனையில், ஒவ்வோர் உணவிற்குப் பின்னும் 15 நிமிடம் நடந்தபோது நாள் முழுவதற்குமான சர்க்கரை அளவு, காலையில் 45 நிமிடம் ஒருசேர நடந்ததற்கு ஒப்பக் கட்டுப்பட்டது. இரவு உணவிற்குப் பின் ஏறும் சர்க்கரையைத் தணித்ததோ உணவிற்குப் பிந்திய நடையே. விருந்து முடிந்ததும் பாயை விரிப்பதற்கு மாறாக, உறவினர் வீட்டிற்குத் தட்டை நடந்தே கொண்டு சேர்ப்பது நன்று.

மராட்டிய வழக்கங்களில் இதற்கு இடமுண்டு. ஹிஞ்சேவாடிக்கு அண்மையிலுள்ள தேஹுவிலிருந்து புறப்படும் துக்காராம் பல்லக்குடன் வார்க்கரிகள் மூன்று வாரம் நடந்து பண்டரிபுரம் சேர்கின்றனர். தீபாவளியில் சிறுவர் மண்ணும் கல்லும் சுமந்து வீட்டு முற்றத்தில் சிவாஜியின் கோட்டைகளைச் சமைப்பர். ஆசிரியர் இதனை விடுமுறைப் பணியாகவே அளிக்கலாம். பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி என்று சொல்லவும் வேண்டியதில்லை. பட்டாசுப் புகை மண்டிய காலைகளில் மட்டும் வெளியே ஓடுவதையும் விரைந்து நடப்பதையும் தவிர்க்கவேண்டும். இன்சுலின் போன்ற மருந்து கொள்வோரும் நெஞ்சுவலி உடையோரும் மருத்துவரைக் கேட்டே நடையைக் கூட்டவேண்டும்.

களப்பணியாளர்க்கு ஓர் அளவுநாடா போதும். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னும், முடிந்து நான்கு வாரம் கழித்தும் இடுப்பைச் சுற்றி அளந்து குறித்துக்கொள்க. அளக்கப்படுபவர் நேராக நிற்கவேண்டும். கடைசி விலா எலும்பிற்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பிற்கும் நடுவே, இயல்பாக மூச்சை விட்டபின் அளத்தல் முறையாகும். இந்தியருள் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. அதனை எட்டியவரை, ஒல்லியாகத் தோன்றினும், இரத்தச் சர்க்கரைப் பரிசோதனைக்கு அனுப்புக. வயிற்றை உள்ளிழுத்து நிற்பவர் பலர். அவரிடம் இரண்டு வார்த்தை பேச்சுக் கொடுத்து, மூச்சு இயல்பான பின்பே நாடாவைப் படிக்கவேண்டும்.