எளிய கணிப்பொறிகளில் நினைவகச் சோதனை

"கணிப்பொறி நின்றுவிட்டது" என்பது "உடம்பு சரியில்லை" என்பதைப் போன்ற சொல். எந்த உறுப்பில் நோய் என்பது அதிலிருந்து தெரியாது. ஒரே சர்வரை நம்பி இருபது, முப்பது கணிப்பொறிகள் இயங்கும் ஆய்வகத்தில் சிக்கல் இன்னும் பெரிது. அங்கே உடம்பே இரண்டு இடங்களில் இருக்கிறது.

இவ்வகைக் கணிப்பொறிகளைத் 'தின் கிளையன்ட்' என்பர். ஹார்டு டிஸ்க் இன்றியே இவை நெட்வொர்க் வழியாகச் சர்வரிலிருந்து லினக்ஸைப் பெற்று இயங்கும். 1999-இல் தொடங்கிய லினக்ஸ் டெர்மினல் சர்வர் புராஜெக்ட்டின் பழைய அமைப்பில், நாம் திறக்கும் நிரல்கள் சர்வரில் ஓடும். திரையை வரையும் 'எக்ஸ் சர்வர்' என்னும் நிரல் மட்டும் நம் முன்னுள்ள பெட்டியில் ஓடும். பழைய பெட்டிகளும் இதனால் பயன்படுகின்றன. வீட்டில் கணிப்பொறி இல்லாத என் போன்றோர் இதன் அருமையை அறிவர்.

டெர்மினலைத் திறந்து 'ஃப்ரீ' என்னும் கட்டளையைக் கொடுத்தால் நினைவகத்தின் கணக்கும் ஸ்வாப்பின் கணக்கும் வரும். ஆனால் பழைய அமைப்பில் அந்த டெர்மினலும் சர்வரில்தான் ஓடுகிறது! ஆகவே நாம் காண்பது சர்வரின் கணக்கு. 128 மெகாபைட் பெட்டியின் முன் அமர்ந்து, பல கிகாபைட் காலி என்று படித்துவிட்டு, பெட்டியே பழுது என்று ஒதுக்கிவிடுவது எளிது. பெட்டியிலேயே ஓடும் ஷெல் திரை ஒன்றை அமைப்புக் கோப்பில் ஏற்படுத்தி, அங்கே அதே கட்டளையைக் கொடுக்க வேண்டும். 'ஃப்ரீ' பத்தியில் எண் சிறிதாயின் அஞ்ச வேண்டா. சும்மா கிடக்கும் இடத்தில் லினக்ஸ் கோப்புகளைத் தேக்கி வைக்கும். 'அவைலபிள்' பத்தியே முக்கியம்.

பெட்டியின் நினைவகத்தைத் தின்பது பெரும்பாலும் பிரவுசரே. அது சர்வரில் ஓடினாலும், காட்டும் படங்கள் பெட்டியிலுள்ள எக்ஸ் சர்வரில் விரித்து வைக்கப்படலாம். அப்போது கோப்பின் அளவு கணக்கில்லை, புள்ளிகளே கணக்கு. 2000 × 1500 படத்தில் 30 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் வீதம் 12 மெகாபைட். இத்தகைய பத்துப் படங்கள் போதும், 128 மெகாபைட்டும் ஏறக்குறைய தீர்ந்தது. ஸ்வாப்பும் இல்லையெனில் லினக்ஸ் பெரிய நிரலொன்றை நிறுத்தும். அது எக்ஸ் சர்வராக இருந்தால், சேமிக்காத செய்முறைக் குறிப்பும் அதனோடு போகும். எந்த நிரல் எவ்வளவு படங்களைத் தேக்கியுள்ளது என்பதை 'எக்ஸ்ரெஸ்டாப்' காட்டும். இதைச் சர்வரிலிருந்தே ஓட்டலாம். அது கேட்பது பெட்டியின் எக்ஸ் சர்வரைத்தான்.

ஸ்வாப் என்பது, மேசை நிறைந்தால் புத்தகத்தை அலமாரியில் வைப்பது போன்றது. நம் பெட்டிக்கோ அலமாரி சர்வரில் இருக்கிறது. 100 மெகாபிட் கம்பியில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் செல்லாது. 64 மெகாபைட் செல்ல 5 நொடிக்கு மேலாகும். இருபது பெட்டிகள் ஒருங்கே கேட்டால் நிலை என்ன? 'விஎம்ஸ்டாட் 1' கொடுத்து 'எஸ்ஐ', 'எஸ்ஓ' பத்திகளைக் காண்க. ஸ்வாப்பில் சிறிது இருப்பது நோயன்று. இவ்விரு எண்களும் ஓயாமல் ஓடினால்தான் நோய்.

2019-இல் இத்திட்டம் புதிதாக எழுதப்பட்டது. அதில் நிரல்கள் பெட்டியிலேயே ஓடுவதால் 'ஃப்ரீ' காட்டுவது பெட்டியின் கணக்கே. பெட்டிக்கு ராமும் மிகுதியாக வேண்டும். பக்கங்களைச் சுருக்கி ராமிலேயே வைக்கும் 'இசட்ராம்' ஓரளவு உதவும். அதற்கு முன் பெட்டியின் மூடியைத் திறந்து, ராம் செருகும் இடம் ஒன்று காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.