மேசைக்கு வெளியே அரை மணி நேரம்

அன்புள்ள தம்பிக்கு,

சனிக்கிழமை முதல் முறையாகச் சான் ஹோசேயில் கார்டு ரூமுக்குப் போக்கர் ஆடப் போகிறேன், 300 டாலர் எடுத்து வைத்திருக்கிறேன், கூட வருகிறீர்களா அண்ணா என்று கேட்டிருந்தாய். இந்த வாரம் என்னால் வர முடியாது. உன்னைப் போலவே வேலைக்கு வந்த நம் பிள்ளைகள் பலர் அந்த மேசைகளில் உட்காருகிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் வெளிப்படையாக எழுதுகிறேன். எப்படி ஆடுவது என்று இதில் ஒன்றும் இருக்காது. உட்காருவதற்கு முன் எப்படி நின்று பார்ப்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நீயும் நானும் சீட்டு பார்க்கக் கற்றுக்கொண்டது கல்யாண மண்டபத்தில். ராத்திரிப் பந்தி முடிந்ததும் மாடியில் ஜமக்காளம் விரிப்பார்கள், பெரியப்பாவும் மாமாக்களும் ரம்மிக்கு உட்காருவார்கள். நாம் ஒருவர் முதுகுக்குப் பின்னால் போய் அவர் கையைப் பார்ப்போம், அலுத்தால் எழுந்து அடுத்தவர் கையைப் பார்ப்போம், "மாமா, அதைக் கீழே போடாதீங்க" என்று சொல்லவும் சொல்வோம். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிக் கிடக்கிறது. போக்கர் மேசைக்குப் போகும்போது முதலில் விட வேண்டியது அதைத்தான்.

நான் அதை விடாமல் போனேன். பல வருடங்களுக்கு முன், ஒரு கார்டு ரூமில், நண்பன் ஆடிக்கொண்டிருந்தான். நான் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். அவன் இரண்டு சீட்டுகளின் முனையைக் கட்டைவிரலால் லேசாகத் தூக்கினான். இரண்டும் ராஜா. டீலர் நடுவில் மூன்று சீட்டைத் திறந்தார்: ஏஸ், ஏழு, இரண்டு. ஏஸைப் பார்த்ததும் என்னை அறியாமல் 'ச்சு' கொட்டிவிட்டேன். எதிரே இருந்த பெரியவர் என் நண்பனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே இருந்த என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிப் அடுக்குகள் இரண்டை அப்படியே முன்னால் தள்ளினார். நண்பன் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சீட்டை மடக்கினான். பெரியவர் தன் சீட்டுகளைக் கவிழ்த்தபடியே டீலரிடம் கொடுத்துவிட்டார். அவரிடம் ஏஸ் இருந்ததா, என் நாக்குதான் அவருக்குத் துணிச்சல் கொடுத்ததா, இன்றுவரை தெரியாது. வீட்டுக்குக் காரில் திரும்பும்போது நண்பன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவன் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அதனால், யாருடைய முதுகுக்குப் பின்னாலும் நிற்காதே. மேசைப் பகுதியைச் சுற்றித் தடுப்புக் கம்பி இருந்தால் அதற்கு இந்தப் பக்கம்தான் உன் இடம். இப்படி நின்று பார்ப்பவரை அங்கே 'ரெயில்பேர்ட்', அதாவது கம்பியில் உட்கார்ந்த பறவை என்பார்கள். கம்பி இல்லாத இடத்தில் யாருடைய சீட்டும் கண்ணில் படாத தூரத்துக்குத் தள்ளி நில். காலியான நாற்காலிக்கு முன்னால் சிப் இருந்தால் அந்த ஆள் சாப்பிடப் போயிருக்கிறார் என்று பொருள். அதில் உட்காராதே, அதன்மேல் கையும் வைக்காதே. ஃபோன் பையிலேயே இருக்கட்டும். படம் எடுக்கவே கூடாது. அங்கே இருப்பதை வெளியில் யாரும் அறிய வேண்டாம் என்று நினைப்பவர்கள் பலர்.

தெரிந்தவர் யாராவது கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தால் கதை வேறு. அதை 'ஸ்வெட்' பண்ணுவது என்பார்கள், ஆடுபவரோடு சேர்ந்து வியர்ப்பது. முதலில் டீலரிடம் அனுமதி கேள். உட்கார்ந்தால் அந்த ஒருவர் சீட்டை மட்டும் பார், எழும்வரை வேறு யார் பக்கமும் போகாதே. அவர் முனையைத் தூக்கும்போது ஒருமுறை பார்த்ததோடு சரி. நல்ல சீட்டு வந்தாலும் மோசமான சீட்டு வந்தாலும் உன் முகம் ஒன்றாகவே இருக்க வேண்டும். அது சிரமம். முடியாது என்று தோன்றினால் சீட்டைப் பார்க்காமலே உட்கார்ந்திரு. அதில் குறைவு ஒன்றுமில்லை.

இன்னொன்று, நம் ஆட்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது. மேசையில் இருக்கும் நண்பனிடம் தமிழில் பேசிவிடாதே. ஒரு கை நடந்துகொண்டிருக்கும்போது மேசையில் ஆங்கிலம் மட்டும்தான் என்பது அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் உள்ள விதி. "சாப்பிட்டியா?" என்றுதான் நீ கேட்டிருப்பாய். ஆனால் மற்ற எட்டுப் பேருக்கு அது சாப்பாட்டு விஷயமா, சீட்டு விஷயமா என்று எப்படித் தெரியும்? பணம் வைத்து உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சந்தேகம் வருவது நியாயம். நம் மொழியைத் தாழ்த்துகிறார்கள் என்று சிலர் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு கையை ஒருவர்தான் ஆட வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் அடிப்படை. மொழி விதி அதிலிருந்து வந்ததுதான்.

டீலர் தவறு செய்வதைப் பார்த்தால் என்ன செய்வது? பாப் சியஃபோன் தொகுத்த 'ராபர்ட்ஸ் ரூல்ஸ் ஆஃப் போக்கர்' நடுவில் சேர்ந்த பந்தயப் பணம் தவறான ஆளுக்குப் போவதைக் கண்டால் சொல்ல வேண்டியது ஆடுபவர், டீலர், மேற்பார்வையாளர் ஆகியோரின் கடமை என்கிறது. வேடிக்கை பார்ப்பவர் அந்த வரிசையில் இல்லை. வாயே திறக்கக் கூடாது என்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். பந்தயம் எல்லாம் முடிந்து, இரண்டு பேர் சீட்டும் நிமிர்த்திக் கிடந்து, பணம் தோற்றவர் பக்கம் நகர்கிறது என்றால், அருகில் நிற்கும் மேற்பார்வையாளரிடம் மெதுவாகச் சொல். ஒரு சீட்டாவது கவிழ்ந்திருந்தால், ஒருவராவது இன்னும் முடிவெடுக்க வேண்டியிருந்தால், நீ கண்டது உன்னோடு இருக்கட்டும்.

இனி, நின்று எதைப் பார்ப்பது? நீ போக்கர் கற்றது வீடியோவில். அங்கே எல்லோர் சீட்டும் திரையில் தெரியும். 1999-இல் பிரிட்டனில் 'லேட் நைட் போக்கர்' நிகழ்ச்சியில் மேசைக்குள் கண்ணாடி பதித்துக் கவிழ்ந்த சீட்டைக் காட்டினார்கள். 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் 839 பேர் ஆடிய உலகப் போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்ததையும் உலகம் கவிழ்ந்த சீட்டு தெரியும்படிதான் பார்த்தது. கம்பிக்கு வெளியே நிற்பவனுக்கு அந்தக் கண்ணாடி கிடையாது. அரை மணி நேரத்தில் பன்னிரண்டு, பதினைந்து கை நடக்கும். பெரும்பாலானவற்றில் சீட்டு திறக்கவே மாட்டார்கள். எனவே சீட்டை விட்டுவிட்டு ஆட்களைப் பார். யார் எல்லாக் கையிலும் நுழைகிறார், யார் சீட்டைப் பார்த்த உடனே சிப் மேல் கை வைக்கிறார், தோற்ற பிறகு யாருடைய பந்தயம் பெரிதாகிறது. மனதுக்குள் ஒருவரிடம் இன்னதுதான் இருக்கும் என்று நினைத்துக்கொள், திறக்கும்போது சரிபார். நான்கில் மூன்று தப்பாகும். தப்பானது எத்தனை என்று மறக்காமல் எண்ணு.

டீலர் கையையும் பார். கலிஃபோர்னியாவில் பந்தயப் பணத்தில் இத்தனை விழுக்காடு என்று வாங்கச் சட்டம் விடாது. முன்கூட்டியே சொன்ன கட்டணம்தான். ஒவ்வொரு கையிலும் அது மேசையில் உள்ள துவாரத்துக்குள் விழும். கைக்கு 6 டாலர் என்று வைத்துக்கொள். மணிக்கு 30 கை என்றால் 180 டாலர். ஒன்பது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 20. டீலருக்குக் கொடுக்கும் டிப்ஸ் தனி. நீ கொண்டு போகும் 300 டாலரை இந்தக் கணக்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உட்காரு.

உள்ளே போனதும் முதல் வேலை, வரவேற்பு மேசையில் உன் பெயரை எந்த ஆட்டத்துக்கு என்று சொல்லிப் போர்டில் எழுத வைப்பது. காலி நாற்காலி தெரிந்தாலும் நேராகப் போய் உட்காராதே, உனக்கு முன் காத்திருப்பவர்கள் இருப்பார்கள். எழுதிய பிறகுதான் அந்த அரை மணி நேரம் தொடங்குகிறது.

பார்த்ததில் மனம் ஒப்பவில்லை என்றாலோ, மேசையில் இருப்பவர்கள் உன்னைவிட நன்றாக ஆடுகிறார்கள் என்று தெரிந்தாலோ, அன்றைக்குக் களைப்பாக இருந்தாலோ, உட்கார வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நண்பர்கள் சிரிப்பார்களே என்று எண்ணாதே. நான் அப்படித் திரும்பிய ராத்திரிகள் நிறைய உண்டு. ஆனால் சொல்லாமல் மட்டும் போய்விடாதே. உன் பெயரை ஒலிபெருக்கியில் இரண்டு முறை, மூன்று முறை கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், உனக்கு அடுத்தவர் காத்துக்கொண்டே நிற்பார். வரவேற்பு மேசைக்குப் போய்ப் பெயரை அடிக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு ஃபோன் பண்ணு.

அன்புடன்,
அண்ணன்