எந்த மாத்திரை எப்போது வந்தது?

என் அத்தைக்கு 78 வயதில் இடுப்பெலும்பு முறிந்தது. ராத்திரி மூன்றாவது தடவையாகச் சிறுநீர் கழிக்க எழுந்தவர் கழிவறை வாசலில் விழுந்துவிட்டார். அறுவை சிகிச்சைக்காகச் சேர்த்திருந்த வார்டில் ஓர் இளம் மருத்துவர், "வீட்டுல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் அட்டையோட எடுத்துட்டு வாங்க, பழைய சீட்டுங்களையும் விட்டுடாதீங்க" என்றார். கொண்டுபோய்க் கட்டிலில் பரப்பினோம். 13 வகை இருந்தன. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "இது எப்போ ஆரம்பிச்சது?"

சீட்டுகளைத் தேதிப்படி அடுக்கியபோது கதை தானாக விரிந்தது. ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆனதும் கணுக்கால் வீங்கியிருக்கிறது. அது அந்த மருந்தின் நன்கு அறிந்த பக்கவிளைவு. வீக்கத்தைப் பார்த்த இன்னொரு மருத்துவர் நீர் பிரிய ஃபுரோசமைடு எழுதினார். நீரோடு உப்பும் போனது. எழுந்து நின்றால் தலை சுற்றியது. தலைச்சுற்றலுக்குச் சின்னரிசைன் வந்தது. சில மாதங்களில் கை நடுங்கத் தொடங்கியது, காலை இழுத்து இழுத்து நடந்தார். நடுக்கத்துக்கு ட்ரைஹெக்ஸிஃபெனிடில். அதற்குப் பிறகு வாய் உலர்ந்தது, மலம் இறுகியது, பேத்தியின் பெயர் நினைவுக்கு வரவில்லை. மலச்சிக்கலுக்கு ஒரு சிரப், ஞாபகசக்திக்கு ஒரு கேப்ஸ்யூல்.

இத்தனைக்கும் நாங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: அத்தைக்கு வயசாகிவிட்டது. நானும்தான் சொன்னேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. நம் வீடுகளில் உலவும் சில நம்பிக்கைகளை எடுத்துப் பார்க்க உட்கார்ந்தது அதனால்தான்.

"வயசானா தள்ளாட்டமும் மறதியும் வரத்தானே செய்யும்"

வரலாம். ஆனால் வயதைக் குற்றம் சொல்வதற்கு முன் மருந்தைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புதிய நோய் என்று எண்ணி அதற்கு இன்னொரு மருந்து எழுதுவதை, கனடாவின் பாலா ரோஷானும் அமெரிக்காவின் ஜெரி குர்விட்ஸும் 1990-களில் தனியாகப் பெயரிட்டு விளக்கினார்கள். தமிழில் மருந்துச் சங்கிலி என்று சொல்லலாம். மறதி நோய்க்குத் தரும் டோனெபெசில் சிலருக்குச் சிறுநீரை அடக்க முடியாமல் செய்யும். அதைத் தடுக்க ஆக்சிபியூட்டினின் எழுதினால், அது மறதியைக் கூட்டும். ஒரே உடம்புக்குள் இரண்டு மருந்துகளும் எதிரெதிராக இழுக்கின்றன. இரண்டையும் விழுங்கும் முதியவர் நடுவில் தவிக்கிறார்.

தலைச்சுற்றல், விழுதல், குழப்பம், பசியின்மை, பகலெல்லாம் தூக்கம், திடீரென்று ஆடை நனைதல் என்று எது புதிதாகத் தலைகாட்டினாலும், அதற்கு முந்தைய வாரங்களிலும் மாதங்களிலும் எந்த மாத்திரை சேர்ந்தது, எதன் அளவு கூடியது என்று பாருங்கள். மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி அது.

"பத்து வருஷமா சாப்பிடற மாத்திரை, இப்போ என்ன செஞ்சிடப் போகுது?"

மாத்திரை அதேதான். அதை வாங்கும் உடம்பு மாறிவிட்டது. வயது கூடக்கூடத் தசை குறைகிறது, உடலில் நீரின் பங்கு குறைகிறது, கொழுப்பின் பங்கு கூடுகிறது. டயசிபாம் போன்ற மருந்துகள் கொழுப்பில் தங்கிக்கொண்டு மெல்ல மெல்ல வெளியேறும். நேற்று இரவு போட்ட தூக்க மாத்திரை இன்று மாலைவரை கால்களைத் தடுமாற வைப்பது இதனால்தான்.

சிறுநீரகக் கணக்கு இன்னும் முக்கியம். ரத்தப் பரிசோதனைத் தாளில் கிரியேட்டினின் 1.0 என்று இருந்தால் நார்மல் என்று நிம்மதி அடைகிறோம். காக்ராஃப்ட், கால்ட் என்ற இருவர் 1976-ல் தந்த சூத்திரத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். 30 வயது, 70 கிலோ ஆணுக்குச் சிறுநீரகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 107 மில்லிலிட்டர் அளவுக்குச் சுத்திகரிக்கிறது. 80 வயது, 45 கிலோ பாட்டிக்கு அதே 1.0-ல் வெறும் 32. தசை குறைந்துவிட்டதால் கிரியேட்டினின் குறைவாக உற்பத்தியாகிறது. தாளில் எண் நல்லதாகத் தெரிகிறது. மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் கழியும் உடம்பில் முழு அளவு மருந்து சேர்ந்துகொண்டே போகும்.

சர்க்கரைக்கான கிளிபென்கிளமைடு இதற்குத் துயரமான எடுத்துக்காட்டு. மலிவான, பழைய மருந்து. நீண்ட நேரம் வேலை செய்வதால், ராத்திரி சரியாகச் சாப்பிடாமல் படுத்த முதியவருக்கு விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்த்துக் கொட்டிக் குழறிப் பேசுவதைப் பார்த்து வீட்டார் பக்கவாதமோ என்று பயப்படுவார்கள். அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991-ல் தொடங்கிவைத்த, முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் 2023 வரை பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. கிளிபென்கிளமைடும் தூக்க மாத்திரைகளும் அதில் இருக்கின்றன.

"பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு, எல்லாத்தையும் பார்த்திருப்பாங்க"

இதயத்துக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர் என்று வந்து பார்க்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் உறுப்புக்கு உண்மையாகவே நல்லது செய்கிறார். ஆனால் முழுப் பட்டியலையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கும் பொறுப்பு பல இடங்களில் யாருக்கும் தரப்படவில்லை. பெர்ன், யூட்ரெக்ட், பிரஸ்ஸல்ஸ், கார்க் ஆகிய நான்கு ஐரோப்பிய நகரங்களின் மருத்துவமனைகளில் 70 வயதைக் கடந்த, பல நாள்பட்ட நோய்களோடு பல மருந்துகள் சாப்பிடும் 2,008 பேரை வைத்து நடந்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. மருந்துகள் சரிபார்க்கப்பட்டவர்களில் 86 சதவீதம் பேரிடம், தேவையில்லாத மருந்தோ, இருக்க வேண்டியும் விடுபட்ட மருந்தோ இருந்தது.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. ஒரே மருந்து ஏராளமான கம்பெனிப் பெயர்களில் வருகிறது. இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாக்கிய கூட்டு மாத்திரைகளும் நிறைய. மத்திய அரசு 2018-ல் 328 கூட்டு மருந்துகளைத் தடைசெய்தது என்பதிலிருந்தே அளவைப் புரிந்துகொள்ளலாம். பழைய சீட்டில் தனி மெட்ஃபார்மின், புதிய சீட்டில் மெட்ஃபார்மின் கலந்த கூட்டு மாத்திரை. நிறமும் பெயரும் வேறு என்பதால் வீட்டில் இரண்டையும் போட்டுவிடுகிறார்கள்.

மருத்துவமனையே சேர்த்தனுப்பும் மருந்தும் உண்டு. வார்டில் வயிற்றுக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று தொடங்கும் பான்டோபிரசோல், வீட்டுக்கு வந்த பிறகு வருடக்கணக்கில் தொடர்கிறது. தொடங்கிய காரணம் முடிந்திருக்கும், "கேஸ் மாத்திரை" மட்டும் தினமும் காலையில் வெறும் வயிற்றில் போய்க்கொண்டிருக்கும்.

"மாத்திரையைக் குறைக்கிறார்னா கைவிட்டுட்டார்னு அர்த்தம்"

இந்தப் பயத்தைப் பல கண்களில் பார்த்திருக்கிறேன். சீட்டு நீளமாக இருந்தால்தான் அக்கறை என்று நாம் பழகிவிட்டோம். உண்மையில் ஒரு மாத்திரையை நிறுத்துவதற்கு எழுதுவதைவிட அதிக நேரமும் துணிவும் வேண்டும். கனடாவில் 11 மருத்துவமனைகளில் 5,698 முதியவர்களை வைத்து நடந்த ஆய்வு 2022-ல் வெளியானது. எந்த மருந்தை விடலாம் என்று கணினி நினைவூட்டிய காலத்தில், தேவையற்ற மருந்து நிறுத்தப்பட்டவர்களின் பங்கு 30 சதவீதத்திலிருந்து 55 சதவீதமாக உயர்ந்தது. அடுத்த 30 நாட்களில் அதனால் தீங்கு கூடவில்லை.

தூக்க மாத்திரை விஷயத்தில் அதே கனடாவின் 2014 ஆய்வு என்னை மிகவும் நெகிழ வைத்தது. முதியவர்களுக்கே நேரடியாக ஒரு சிறு புத்தகம் தந்தார்கள்; அந்த மாத்திரை என்ன செய்யும், படிப்படியாக எப்படிக் குறைப்பது என்று அதில் இருந்தது. ஆறு மாதத்தில் 27 சதவீதம் பேர் முழுக்க விட்டுவிட்டார்கள். புத்தகம் தராதவர்களில் 5 சதவீதம்தான். தாத்தா பாட்டிகளுக்குச் சொன்னால் புரியாது என்று நாம் முடிவுசெய்துவிடுகிறோமே, அது எவ்வளவு தவறு!

ஆனால் இதிலும் மிகைப்படுத்தக் கூடாது. நான்கு நகர ஆய்வில் மருந்துகளைச் சரிசெய்த பிறகும், மருந்தால் ஏற்படும் கோளாறுக்காக மீண்டும் மருத்துவமனையில் சேர்வது குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. மருந்தைக் குறைத்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேவையற்ற ஒன்றைச் சுமக்காமல் இருப்பது, விழாமல் நடப்பது, பகலில் விழித்திருப்பது இவையே எனக்குப் போதுமான காரணங்கள்.

"அப்போ நாமே நிறுத்திடலாமே"

கூடவே கூடாது. மெட்டோபிரோலால் போன்ற இதய மருந்தைத் திடீரென நிறுத்தினால் மாரடைப்புவரை போகலாம். பல வாரம் சாப்பிட்ட ஸ்டீராய்டையோ, வலிப்பு மாத்திரையையோ, அல்பிரசோலத்தையோ ஒரே நாளில் விடுவது ஆபத்து. ஸ்டென்ட் வைத்தவர் ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையை விட்டால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். கேஸ் மாத்திரையைக்கூடச் சட்டென நிறுத்தினால் சில நாள் எரிச்சல் அதிகமாகும். அதைப் பார்த்து மறுபடி தொடங்கிவிடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு மருந்து, மருத்துவரின் கண்காணிப்பில், தேவைப்படும் இடத்தில் அளவைப் படிப்படியாக இறக்கி நிறுத்துவதுதான் முறை.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. நம்மூரில் மாத்திரை கூடிப்போனவர்களைப் போலவே, வாங்க வழியில்லாமல் பாதியில் விட்டுப் பக்கவாதத்தில் படுத்தவர்களும் இருக்கிறார்கள். பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021-ல் தொடங்கப்பட்டது அவர்களையும் நினைத்துத்தான். அந்த மாத்திரைகளை என் எழுத்தைப் படித்து யாரும் விட்டுவிட வேண்டாம்.

யாரிடம் கேட்பது? முதியோர் மருத்துவம் தமிழகத்துக்குப் புதிதில்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் வி.எஸ். நடராசன் முயற்சியால் 1978-லேயே தனிப்பிரிவு வந்தது. கிண்டியில் 2024-ல் முதியோருக்கெனவே தேசிய அளவிலான மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கெல்லாம் போக முடியாதவர்கள், வீட்டுப் பக்கத்தில் நெடுநாள் பார்க்கும் குடும்ப மருத்துவரிடம் எல்லா அட்டைகளையும் ஒரே பையில் கொண்டுபோகலாம். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கியதும், நாட்டு மருந்தும், சொட்டு மருந்தும் அந்தப் பையில் இருக்க வேண்டும்.

அத்தை 6 மாத்திரைகளோடு வீடு திரும்பினார். அம்லோடிபினுக்குப் பதில் வேறொன்று. டிஸ்சார்ஜ் தாளின் கடைசியில் அந்த மருத்துவர் தன் கையால் "நிறுத்தியவை" என்று தலைப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் எழுதியிருந்தார். நடுக்கம் தணிய மூன்று மாதமாயிற்று. வாக்கர் இல்லாமல் நடக்க இன்றும் முடியாது. பேத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். போன மாதம் மருந்துக்கடைப் பையன் பழைய சீட்டைப் பார்த்துச் சின்னரிசைனையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டான். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த டிஸ்சார்ஜ் தாளை எடுத்துப் பார்த்து, அட்டையைத் தனியே எடுத்து வைத்தார்: "இதை நிறுத்தியாச்சுப்பா. திருப்பிக் குடுத்துட்டு வா."