சோற்றோடு சேரும் மருந்து

திருமுக்கூடல்

அன்புள்ள தங்கைக்கு,

நம்மூர்ப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு, 11-ஆம் நூற்றாண்டில் இங்கே 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர்சாலை நடந்ததைச் சொல்கிறது. மருத்துவருக்கான நெல், மருந்துகளின் பெயர்கள், நோயாளிகளுக்கான அரிசி எல்லாம் அதில் ஒரே கணக்கில் வருகின்றன. மருந்தையும் சோற்றையும் பிரிக்காத அந்தக் கணக்கு கணைய நோய்க்கு இன்றும் அப்படியே பொருந்தும்.

கணையம் சுரக்கும் நொதிகளில் அமைலேஸ் மாவுச்சத்தையும், லைபேஸ் கொழுப்பையும், டிரிப்சின் புரதத்தையும் செரிக்க வைக்கும். டிரிப்சின் செயலற்ற வடிவில் புறப்பட்டு, சிறுகுடலை அடைந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். கணையத்துக்குள்ளேயே தொடங்கிவிட்டால் அது சுரப்பியையே அரித்துவிடும் என்று 1896-இல் நோயியல் அறிஞர் ஹான்ஸ் கியாரி விளக்கினார். திடீர் அழற்சியில் ரத்தத்தில் இந்த நொதிகள் ஏறுகின்றன. நாள்பட்ட அழற்சியிலோ சுரக்கும் திசு தழும்பாகிச் சுருங்குவதால் குடலுக்குப் போகும் நொதி குறைகிறது. தமிழகத்திலும் கேரளத்திலும் மதுவைத் தொடாத இளைஞர்களுக்கும் கணையக் கற்களையும் சர்க்கரை நோயையும் கொண்டுவரும் வெப்பமண்டலக் கணைய அழற்சி இந்த இரண்டாம் வகை. ஒரு காலத்தில் மரவள்ளிக்கிழங்கின் மேல் பழி விழுந்தது; பிறகு பல நோயாளிகளிடம் ஸ்பிங்க்1 மரபணுவில் மாற்றம் தெரிந்தது.

லைபேஸ் சுரப்பு இயல்பில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிய பிறகே மலத்தில் கொழுப்பு மிகுகிறது என்று 1973-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வு காட்டியது. வெளியிலிருந்து நொதி கொடுத்தால் கணையம் சோம்பிவிடாதா என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்: அங்கே சோம்புவதற்குத் திசு அதிகம் மிச்சமில்லை. எண்ணெயைக் குறைத்தால் போதாதா என்பார்கள். ஏற்கெனவே மெலிந்தவரின் தட்டிலிருந்து கொழுப்பையும் எடுத்தால் உடல் இன்னும் வற்றும். கொழுப்போடு சேரும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் குறையும். கொழுப்பைச் செரிக்க வைப்பதே சரியான வழி. பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கும் நொதி மருந்து அதைச் செய்யும். ஆனால் சோற்றோடு கலந்தால்தான். வெறும் வயிற்றில் விழுங்கினால் செரிக்க அங்கே ஒன்றுமில்லை. பெரியவர்களுக்குப் பொதுவாக ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 அலகு லைபேஸில் தொடங்குகிறார்கள். அளவை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். இந்த மருந்து வலியைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கணையம் நலமாக உள்ளவரின் வயிற்று உப்புசத்துக்கும் இது தேவையில்லை.

சாப்பிட்டும் ஒருவர் மெலிந்துகொண்டே போனால், மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தால், ‘செரிமானக் கோளாறு’ என்று கடைமாத்திரையோடு விட்டுவிடாதே. மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதியைப் பார்க்கும் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல். மருந்து எழுதிக் கொடுத்தால், அதை முதல் கவளத்தோடு விழுங்கச் சொல்.